மூன்றாம் நாட்டின் பெயர்

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
17 செப்டம்பர் 1995

அன்பான தம்பி எமிலியானுஸுக்கு அக்கா எழுதுவது.

மாதா புண்ணியத்தில் நானும் அத்தானும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். உன் இருமல் விட்டதா என்பதை முதல் வரியிலேயே எழுது, மற்றதெல்லாம் பேந்து.

உன் கார்ட் எட்டாம் திகதி வெள்ளிக்கிழமை வந்தது. பேசாலையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து மூடின லொறி என்று எழுதிவிட்டுக் கடைசியில், "இப்ப என்ன நாட்டில நிக்கிறன் எண்டு எனக்கே தெரியாது அக்கா" என்று முடித்திருந்தாய். அடப்பாவி! அப்படி ஒரு வரியை எழுதிவிட்டுக் கீழே எப்படியடா 'அன்புத் தம்பி' என்று கையெழுத்து வைத்தாய்? எனக்குக் கைகால் ஓடவில்லை. உங்களைக் கூட்டி வருகிற ஏஜென்ற் பேரின்பநாதனுக்காவது தெரியுமா, இல்லை அவனும் லொறிக்காரன் விட்ட வழிதானா?

முத்திரையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி 'லத்விஜா' என்று வாசித்தேன். கோயில் பழைய சாமான் விற்பனையில் வாங்கிய உலகப்படப் புத்தகத்தை விரித்துத் தேடினால் அப்படி ஒரு நாடே இல்லை. அந்தக் கரை முழுவதும் ரோசா நிறத்தில் ஒரே நாடாகக் கிடக்கிறது.

நான் துப்புரவாக்குகிற பல்கலைக்கழகக் கட்டடத்தின் நாலாம் மாடியில் தேசப்படங்கள் வைத்திருக்கிற அறை இருக்கிறது. திங்கட்கிழமை உன் கார்ட்டைக் கொண்டுபோய் அங்கே வேலை செய்கிற மடாம் ஜிசேலிடம் நீட்டினேன். அவர் என் புத்தகத்தின் ஆண்டைக் கேட்டுச் சிரித்துவிட்டு, இந்த வருடத்துப் படத்தை மேசையில் விரித்தார். வடக்கே பின்லாந்து. கடலைக் கடந்தால் எஸ்தோனியா. அதற்குக் கீழே லத்வியா, அதற்கும் கீழே லித்துவேனியா. பிறகு ரஷ்யாவின் ஒரு துண்டு, தாய்நாட்டோடு ஒட்டாமல் தனியே கிடக்கிறது. பிறகு போலந்து, ஜெர்மனி, டென்மார்க். எதிர்க்கரையில் சுவீடன். ஒரு கடலைச் சுற்றி ஒன்பது நாடு! நீ நிற்பது லத்வியா, ஊர் ரீகா. இனித் தெரியாது என்று எழுதாதே.

எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா மூன்றும் சோவியத்திலிருந்து பிரிந்து வந்து நாலு வருடம்தானாம். "நாலு வயசு நாட்டுக்கு எல்லைக் கோட்டில ரோசம் கூடத்தான் இருக்கும், அவனைக் கவனமா நிக்கச் சொல்லு" என்றார் அத்தான். அவர் சொன்ன பிறகு அந்தப் படத்தில் இருந்த கோடுகளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு துவக்குக்காரன் நிற்பானே.

கார்ட்டில் நீ பார்த்தெழுதிய கோயில் விலாசத்துக்கே இதைப் போடுகிறேன். எங்கள் கோயில் பங்குச் சுவாமியிடம் உன் விஷயம் கதைத்திருக்கிறேன். நின்ற இடத்திலேயே நில்.

உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும்,
அக்கா எலிசா


ரீகா
3 ஒக்டோபர் 1995

என் அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும் தம்பியின் வணக்கம்.

இருமல் விட்டுவிட்டது. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க ஒவ்வொரு வியாழனும் இங்குள்ள கோயிலில் மன்றாடுகிறேன். பூசை விளங்காது, எழும்புகிற இடத்தில் எழும்பி முழங்காலிடுகிற இடத்தில் முழங்காலிடுகிறேன். கோயிலைப் பார்க்கிற மனுசிதான் உங்கள் கடிதத்தை வாங்கி வைத்திருந்தா.

நாங்கள் பதினாலு பேர் ஒரு வீட்டில். விறகு அடுப்புச் சூட்டில் கிடக்கிறோம். என்னோடு கிருபானந்தன் அண்ணை என்று ஒருவர் இருக்கிறார், கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், எழுதுவினைஞராக இருந்தவர், ஆங்கிலம் தெரியும். நீங்கள் எழுதிய நாடுகளின் பெயர்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். பேரின்பநாதனுக்கு ஒரு பெயரும் தெரியாது. ரஷ்யாவை விட்டு வந்து நிற்கிற இது ரெண்டாம் நாடாம். அடுத்தது மூன்றாம் நாடு. அங்கேயிருந்து போட்டில் நாலாம் நாடு. நம்பர்தான் சொல்லுவார். பெயர் தெரிந்தால் பிடிபடும்போது சொல்லிவிடுவோமாம்.

அக்கா, ஒன்று. நான் மன்னார் ரவுணில் தச்சு வேலை செய்தவன் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பேரின்பநாதன் அங்கே போன் எடுத்தால் எங்கள் குடும்பத் தொழிலைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். என்ன காரணம் என்று உங்களுக்குத் தெரியும்.

கடல் பக்கத்தில்தானாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

உங்கள் பாசமுள்ள,
எமிலியானுஸ்


மொன்றியல்
29 ஒக்டோபர் 1995

அன்புத் தம்பிக்கு,

எங்களுக்குச் சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை, உன் கடிதம் ஒன்றும் வராததுதான் வருத்தம். ஆறு கிழமையாகிறது. கை நொந்துபோச்சுதோ?

சந்தோசமான செய்தி. பங்குச் சபை கூடி உன்னைக் கனடாவுக்குக் கூப்பிடப் பொறுப்பெடுக்க முடிவு செய்துவிட்டது! நீ ஒரே நாட்டில், ஒரே விலாசத்தில் இருக்கவேண்டும். கனடா அலுவலகத்து ஆள் வந்து உன்னை நேரில் கேட்பார். பொலிஸ் வழக்கு என்று ஒன்றுமே இருக்கக்கூடாது, இருந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்தது என்று சுவாமி இரண்டு தரம் சொன்னார். ஆகவே போட்டும் வேண்டாம், கீட்டும் வேண்டாம்.

நேற்று உன் பேரின்பநாதன் போன் எடுத்தான். "உங்கட தம்பியை அடுத்த நாட்டுக்கு ஏத்தப்போறன் அக்கா, பேந்து போட்" என்றான். எனக்கு எங்கேயிருந்துதான் அவ்வளவு வாய் வந்ததோ! பொறுப்பெடுக்கிற விஷயத்தைச் சொல்லி, அவனை அசைக்காதே என்றேன். அவன் காதில் போடவில்லை. நல்ல கிழி கிழித்தேன். ஒன்றும் தெரியாத சனத்தைத்தான் கூட்டிப்போகிறாய் என்று நினைக்கிறாயா என்று கேட்டேன். கடைசியில் "அப்பிடியே அக்கா? நல்ல விசயம்" என்று பணிவாகக் கதைத்துப் போனை வைத்தான்.

நாளைக்கு இங்கே வாக்கெடுப்பு. கியூபெக் தனி நாடாகப் பிரிவதா, இல்லையா. பக்கத்தில் தெப்பனர் என்கிற மூலைக் கடைக்காரர் பால் தரும்போதுகூட அதே கதை. பிரிந்தால் எங்கள் குடிவரவுக் கடதாசிகள் எந்த நாட்டுக் கடதாசி என்று அத்தானுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நான் சொன்னேன், அங்கே ஒருத்தன் நாட்டுக்கு நம்பர் போட்டு எண்ணிக்கொண்டு இருக்கிறான், உங்களுக்கென்ன என்று.

உன் கடிதத்துக்கு வாசலைப் பார்த்தபடி,
அக்கா


மொன்றியல்
6 நவம்பர் 1995

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன்.

உன் ஒக்டோபர் 3ஆம் திகதிக் கடிதம் சனிக்கிழமைதான் வந்து சேர்ந்தது. ஒரு மாதம் எங்கே கிடந்ததோ தெரியாது. தொழிலைப் பற்றி நீ எழுதியதை வாசித்தேன். நான் பேரின்பநாதனுக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நீ யோசிக்காதே.

கியூபெக் பிரியவில்லை, மயிரிழையில் தப்பியது. அதே நாள் யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் வீட்டை விட்டு வெளிக்கிட்டதாம், றேடியோவில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். எங்கும் ஒரே நடுக்கமாக இருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்ததும் உடனே எழுது. அங்கேயே நில். அசையாதே.

அக்கா


பால்டிஸ்கி
20 நவம்பர் 1995

அன்பான அக்கா, அத்தான்,

உடம்புக்குப் பரவாயில்லை. உங்கள் இருவரின் உடம்பும் குளிருக்கு ஈடுகொடுக்கிறதா?

பொறுப்பெடுக்கிற கடிதமும் அதற்குப் பின்னால் வந்த சின்னக் கடிதமும் நாங்கள் வெளிக்கிடுகிற அன்று சேர்ந்து கிடைத்தன. அசையாதே என்று எழுதியிருந்தீர்கள். லொறியில் ஏற்றிவிட்டார்கள் அக்கா. கதவை வெளியால் பூட்டினால் எந்தப் பக்கம் போகிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு பகல் முழுக்க ஓடியது. இப்போது மூன்றாம் நாடு. ஊரின் பெயர் பால்டிஸ்கி. கிருபானந்தன் அண்ணை பலகையில் வாசித்துச் சொன்னார். தமிழ் தவிர வேறு எழுத்தில் ஊர்ப்பெயர் எழுதக்கூடாது என்பது கட்டளை. ஏஜென்றின் ஆட்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். தமிழில் எழுதினால் இந்த ஊர்ப் பொலிசுக்கு விளங்காது என்பதால் விடுகிறார்கள். ரீகாவுக்குத் திரும்புகிற லொறிக்காரர் அங்கே தபாலில் போடுவார். நீங்கள் இந்த ஊர்த் தபால்கந்தோருக்கு என் பெயர் போட்டு எழுதுங்கள். கிருபானந்தன் அண்ணை போய்க் கேட்பார்.

ரஷ்யப் பட்டாளம் இருந்துவிட்டு விட்டுப்போன ஊர். மாடி மாடியாகக் கட்டடம், யன்னல் இல்லை, கதவு இல்லை. நாங்கள் இப்போது இருபத்திரண்டு பேர். செல்வமலர் என்று ஒரு பிள்ளை, கைக்குழந்தையோடு வந்து சேர்ந்திருக்கிறா.

முந்தநாள் பேரின்பநாதன் என்னைத் தனியே கூப்பிட்டார். "நீ தச்சனெண்டு ஆருக்கு விடுறாய்? நீ கடல்காரன்" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. இந்தக் கரை ஆட்கள் மாரிக் குளிரில் கடலில் இறங்கமாட்டார்களாம். ஆகவே நான்தான் ஓட்டியாம். போட்டை நான் பிடித்தால் எல்லாரையும் சேர்த்து அனுப்புவார், மாட்டேன் என்றால் எல்லாரையும் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவாராம். அங்கால் கரை மூன்று மணித்தியாலம்தானாம். கிறிஸ்மஸ் கழிந்து, கடல் கட்டியாகிறதற்கு முதல்.

கடல் எப்படி அக்கா கட்டியாகும்? உப்புத் தண்ணீர் உறையாது என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

நான் இன்னும் ஓம் சொல்லவில்லை.

எமிலியானுஸ்


மொன்றியல்
9 டிசம்பர் 1995

என் தம்பி,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. நீ உயிரோடு இருந்தால் அதுவே போதும்.

ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன்! நேற்று வேலை தொடங்க முதலே மடாம் ஜிசேலிடம் ஓடினேன். பெயரைச் சொன்னேன், எழுத்தைச் சொன்னேன், அவர் பெயர்ப் பட்டியலில் விரலை ஓட்டினார். பால்டிஸ்க்! கடைசியில் இருக்கிற 'கி' எங்கள் ஆட்களின் வாயில் ஒட்டிக்கொண்டது. முன்னே எழுதினேனே, தாய்நாட்டோடு ஒட்டாத ரஷ்யாவின் துண்டு, அதன் கடற்கரை. கடற்படைத் துறைமுகம் என்று மடாம் சொன்னார். பட்டாளத்து ஊர் என்று நீ எழுதியதும் சரியாக வந்தது. ஜெர்மனி, சுவீடன் போகிறவன் கீழ்ப்பக்கம்தானே வருவான் என்று அத்தானும் சொன்னார்.

மடாம் அடிமட்டம் வைத்து அளந்தார். எதிர்க்கரை சுவீடன். மூன்று மணித்தியாலம் என்பது பச்சைப்பொய்! அந்தக் கடலில் உப்புக் குறைவு, உறையும் என்றும் சொன்னார். இங்கே ஆற்றைப் பார்க்கிறேன், முந்தநாள் ஓடின தண்ணீர் இன்றைக்குப் பலகையாகக் கிடக்கிறது. உனக்குத் தெரிந்த கடல் அது இல்லையடா.

தொண்ணூறாம் ஆண்டு நடந்ததை நாங்கள் கதைப்பதில்லை. இன்றைக்கு மட்டும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். ராமேஸ்வரத்துக்குச் சனம் ஏற்றிப்போனபோது நேவிக்குப் பயந்து ஒரு குடும்பத்தை மணல்திட்டில் இறக்கினாய். இந்தியப் படகு வந்து ஏற்றும் என்று நம்பித்தான் இறக்கினாய். தண்ணீர் ஏறி அவர்களைக் கொண்டுபோனது உன் குற்றமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ எஞ்சினைத் தொடவில்லை, வீட்டில் மீன்கூடத் தின்னவில்லை. உன்னைக் கொண்டுபோய்த் திரும்பவும் ஓட்டியாக வைத்தால் நீ முழுதாக வந்து சேரமாட்டாய். போட் கவிழாவிட்டாலும் வந்து சேரமாட்டாய்.

ஓம் சொல்லாதே. ஓட்டி என்று பிடிபட்டால் வழக்கு, வழக்கென்றால் பங்கின் பொறுப்பும் போச்சு. அந்தப் பிள்ளையையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போ, பொலிசுக்குப் போ, எங்காவது போ. பொறுப்பெடுத்த கடதாசியின் பிரதி உள்ளே இருக்கிறது. இதே கடிதத்தை மூன்று பிரதி எழுதி மூன்று நாள் விட்டு விட்டுப் போடுகிறேன். ஒன்றாவது வரட்டும்.

பால்டிஸ்க், ரஷ்யா என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

அக்கா


பால்டிஸ்கி
27 டிசம்பர் 1995

அன்பு அக்காவுக்கு,

பாலன் பிறப்பு வாழ்த்துகள். அத்தானுக்கும் சொல்லுங்கள்.

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கிருபானந்தன் அண்ணை தபால்கந்தோருக்குப் பதினொரு தரம் போய்விட்டார். அங்கே இருக்கிற பிள்ளை இப்போது அவரைக் கண்டதும் தலையை ஆட்டிவிடுகிறாவாம். நீங்கள் கோபமா, இல்லை சுகமில்லையா? எழுதாமல் இருக்கிற ஆள் இல்லையே நீங்கள்.

ஓம் சொல்லிவிட்டேன். எல்லாரும் என் கையைப் பிடித்துக் கேட்டார்கள். ஆறாம் திகதி பின்னேரம். இங்கே மூன்றரைக்கே இருட்டிவிடும்.

நேற்று முதல்தரம் கரைக்குப் போனேன். ஓரத்துத் தண்ணீர் கஞ்சி ஆறினால் ஆடை படரும் பாருங்கள், அப்படிக் கிடந்தது. அள்ளி வாயில் வைத்தேன். உப்பு இல்லை அக்கா. வெறும் தண்ணீர்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே யாரிடமும் சொல்ல முடியாது, ஓட்டி பயந்தால் சனம் என்ன செய்யும்? உங்களிடம் சொல்கிறேன். பயமாக இருக்கிறது.

இதை நானே தபாலில் போடுகிறேன். யாரும் பார்க்கவில்லை.

தம்பி


மொன்றியல்
15 ஜனவரி 1996

தம்பி, என் ராசா,

நீ எங்கே இருக்கிறாய்?

உன் கடிதம் பன்னிரண்டாம் திகதி வந்தது. ஆறாம் திகதி போய் ஆறு நாள். உறையை உடைக்க முன்னமே முத்திரையைப் பார்த்தேன். 'ஈஸ்தி' என்று இருந்தது. ரஷ்யா இல்லை. கோட்டுக்கூடப் போடாமல் வெளிக்கிட்டேன், அத்தான் பஸ் தரிப்பு வரைக்கும் கோட்டோடு பின்னால் ஓடிவந்தார். மடாம் ஜிசேல் முத்திரையைப் பார்த்ததும், "எஸ்தோனி!" என்றார். அந்த ஊர்க்காரர் தங்கள் நாட்டைச் சொல்கிற பெயராம். பட்டியலைத் திரும்ப எடுத்தார். இந்தத் தரம் வேறு பக்கம்.

நடந்தது இதுதான். அன்றைக்கு அவர் என்ன எழுத்தில் தொடங்குகிறது என்று கேட்டார். 'ப' என்றேன். "'பே'யா, 'பே'யா?" என்று கேட்டார். அவருக்கு அவை இரண்டு எழுத்து, என் காதுக்கு ஒன்று. பஸ்ஸில் வருகிற ப-வா, பள்ளியில் வருகிற ப-வா என்று கேட்கிறார் என்பது எனக்கு ஓடவில்லை. ஓம், அதுதான் என்றேன். நீ எழுதியது பள்ளியில் வருகிற ப. நான் கொடுத்தது பஸ்ஸில் வருகிற ப. ஒரே கரையில் ஒன்று மேலே, ஒன்று கீழே, நடுவிலே இரண்டு நாடு. என் மூன்று கடிதமும் ரஷ்யாவுக்குப் போய்விட்டன. போகாதே, ஓம் சொல்லாதே என்று எழுதின மூன்று கடிதம்! எங்கள் தமிழ் எழுத்தை நினைத்து வாழ்க்கையில் முதல்தரம் அழுதேன்.

மடாமும் கலங்கிப்போனார். அந்த ஊர்க்காரருக்கும் எங்களைப்போல இந்த இரண்டு ஒலிக்கும் வித்தியாசம் இல்லையாம். பால்டிஸ்க் மாதிரியே ஒரு ரஷ்யப் பெயரைத்தான் அவர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றி வைத்தார்களாம். இதையெல்லாம் இப்போது கேட்டு என்ன பிரயோசனம்?

இன்னொன்று இருக்கிறது. நீ உயிரோடு இருந்தால் நீ வாசிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆண்டவர் வாசிக்கட்டும்.

பேரின்பநாதனுக்குச் சொன்னது நான்தான். ஒக்டோபரில் அவன் போட் என்று சொன்னதும் எனக்கு மண்டை கலங்கிவிட்டது. அவனை வெருட்டவேண்டும், நல்ல போட்டாகப் பிடிக்க வைக்கவேண்டும் என்று நினைத்து, "என்ர தம்பி பேசாலைக் கடலில பிறந்தவன், ஓட்டியா நிண்டு ராமேஸ்வரத்துக்குச் சனம் ஏத்தினவன், ஓட்டைப் போட்டைக் காட்டி அவனை ஏமாத்தேலாது" என்று கத்தினேன். அதுக்குத்தான் அவன் "நல்ல விசயம்" என்றான். அடுத்த கிழமை உன் கடிதம் வந்தது. வாயே திறக்கவேண்டாம் என்று. நான் சொல்லவில்லை என்று உனக்குப் பொய் எழுதினேன். அந்தப் பொய்யை எழுதிவிட்டுப் பூசையில் நற்கருணை நன்மை வாங்கினேன்.

உன்னைக் கடலில் இறக்கியது அவனில்லை, நான்.

ஒரு வரி எழுது. திட்டி எழுது. பால்டிஸ்கி, எஸ்தோனியா என்று இந்தத் தரம் மடாமே தன் கையால் எழுதித் தந்தார்.

அக்கா


தாலின்
எஸ்தோனியா, 1 பெப்ரவரி 1996

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உயிரோடு இருக்கிறேன். இரண்டு விலா எலும்பு நோகிறது, மற்றபடி சுகம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? முதலில் சாப்பிடுங்கள்.

போட் போகவில்லை. எல்லாரையும் ஏற்றியாகிவிட்டது. செல்வமலர் குழந்தையைச் சட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு என் காலடியில் இருந்தா. பேரின்பநாதன் கரையிலேயே நின்றுகொண்டார். நான் எஞ்சினை எடுத்தேன். போட் அசைந்ததும் அடியில் ஒரு சத்தம், ஓடு நொறுங்குகிற மாதிரி. இந்தக் கடல் எனக்குத் தெரியாது, இறங்குங்கோ என்று கத்தினேன். ஒருவரும் இறங்கவில்லை. "பயந்தாங்கொள்ளி, ஓடு!" என்றார்கள். கத்தியை எடுத்து எஞ்சினுக்கு எண்ணெய் போகிற குழாயை அறுத்துவிட்டேன். அவ்வளவுதான். இருபத்தொரு பேரும் அடித்தார்கள் அக்கா. இல்லை, இருபது பேர், கிருபானந்தன் அண்ணை அடிக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லைக்காவல்காரர் வந்தார்கள். பேரின்பநாதன் ஓடிவிட்டார்.

எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். எல்லாரும் என்னைச் சபிக்கிறார்கள். ரஷ்யாவுக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்று பயம். யார் ஓட்டி என்று கேட்டபோது எல்லா விரலும் என்னைக் காட்டியது. ஆகவே அவர்களை முகாமில் வைத்திருக்கிறார்கள், என்னை மட்டும் மறியலில் பூட்டி. நான் ஏஜென்றின் ஆள், தொடக்கத்திலிருந்தே ஓட்டியாகத்தான் என்னை அவர் கூட்டிவந்தார் என்பது வழக்கு.

உங்கள் கடிதம் பால்டிஸ்கித் தபால்கந்தோருக்கு வந்து, அந்தப் பிள்ளை பொலிசிடம் கொடுத்து, பொலிஸ் என்னிடம் கொண்டுவந்தது. அதிகாரி மேசையில் விரித்து வைத்து, இதிலே என்ன இருக்கிறது என்று கேட்டார். கிருபானந்தன் அண்ணை மொழிபெயர்க்க நின்றார். நான் வாசித்து முடித்துவிட்டு, "அக்கா சுகம் விசாரிச்சு எழுதியிருக்கிறா" என்றேன். அண்ணை என்னைப் பார்த்துவிட்டு அப்படியே சொன்னார்.

நீங்கள்தான் சொன்னது என்று எனக்கு முதலே தெரியும் அக்கா. "உன்ர கொக்காதான் சொன்னவ" என்று பேரின்பநாதன் அன்றைக்கே சொல்லிவிட்டார். எழுதினால் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள் என்றுதான் தெரியாது என்று எழுதினேன்.

நீ கடல்காரன் என்று ஏஜென்றுக்கு எப்படித் தெரியும் என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். உங்கள் பெயர் வந்தால் அங்கே உங்கள் கடதாசிகளுக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கடிதத்தை மறந்துவிடுங்கள். நான் எப்படியும் சமாளிப்பேன்.

தம்பி


மொன்றியல்
19 பெப்ரவரி 1996

என் தம்பிக்கு,

சாப்பிட்டேன். உன் கடிதம் வந்த அன்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன், அழுது அழுது சாப்பிட்டேன். அத்தானும் சுகம். விலாவுக்கு மருந்து தருகிறார்களா என்று எழுது.

நீ சமாளிக்கமாட்டாய். தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டே உள்ளே இருந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். ஆகவே உன்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்துவிட்டேன்.

முதலில் அத்தானிடம் சொன்னேன். "விசர் பிடிச்சிட்டுதே உனக்கு? இன்னும் ஒரு வருசத்தில சிற்றிசன். ஏஜென்றோட கதைச்சனான் எண்டு நீயே எழுதிக் குடுத்தா எங்களை வீட்டை அனுப்பிப்போடுவாங்கள். எந்த வீட்டை?" என்று கேட்டார். மூன்றாம் நாள் பங்குச் சபைக்கு முன்னால் போய் நின்று, நான் செய்ததையும் உனக்கு எழுதிய பொய்யையும் சொன்னேன். சில பேர் முகத்தைத் திருப்பினார்கள். கூட்டத்தை முடிக்காமல் சுவாமி என்னை ஒரு வக்கீல் அம்மாவிடம் கூட்டிப்போனார். அத்தானும் வந்தார். உள்ளே வரவில்லை, வெளியே விறாந்தையில் என் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

ஒக்டோபர் இருபத்தெட்டாம் திகதி பின்னேரம் ஏஜென்ற் போன் எடுத்தான், என் தம்பி கடல்காரன் என்பதை அவனுக்கு நான்தான் சொன்னேன், அதற்கு முதல் அவனுக்குத் தெரியாது, என் தம்பி காசு கட்டிய பயணி, ஓட்டி இல்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். இலக்கணம் பிழை, எனக்குத் தெரியும். வக்கீல் அம்மா எழுதிக்கொண்டே போனார். போன் கொம்பனியிலிருந்து அந்த நாளின் பதிவையும் எடுக்கிறார். நவம்பரில் நீ 'தெரியாது' என்று எழுதின கடிதத்தையும், வாயைத் திறக்கவேண்டாம் என்று எழுதின கடிதத்தையும் நான் கொடுத்துவிட்டேன். எல்லாம் மொழிபெயர்த்துத் தாலினுக்கு வரும்.

முடிவில் பேனையை மூடிவிட்டு, "இதைக் கையெழுத்திட்டால் உங்களுக்கு எதிராகவும் திரும்பலாம், விளங்குகிறதா மடாம்?" என்று கேட்டார். விளங்குகிறது என்றேன். பயமில்லையா என்று கேட்டார். பயம்தான் என்றேன். கையெழுத்து வைத்தேன்.

நடக்கப்போவது எனக்குத் தெரியாது. உன்னை விடுவார்களோ, இங்கே எங்கள் கதவைத் தட்டுவார்களோ, ஒன்றும் தெரியாது. ஒன்று மட்டும் செய். அந்த அதிகாரி அடுத்த தரம் கேட்கும்போது தெரியாது என்று சொல்லாதே. "என்ர அக்கா சொன்னவா" என்று சொல்லு. பெயர் கேட்டால் முழுப்பெயரும் கொடு.

எலிசா ஞானேந்திரன்